தொலைந்தவன் என்று எழுதாதே

ராசா,

உன் கடிதம் நேற்று கைக்கு வந்தது. உடம்புக்குச் சுகம், வேலையில் குறைவில்லை, பம்பாயில் விடாத மழை என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டு, கடைசி வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். என்னை 'லாஸ்ட்' என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அப்பாவுக்குப் புரியட்டும், அம்மாவுக்குப் புரிய வேண்டாம் என்றுதானே இந்த வேலை? கெட்டிக்காரன்தான். ஆனால் ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆங்கிலத்தில் ஆயிரம் வார்த்தை தெரியாமல் இருக்கலாம். இந்த ஒரு வார்த்தையையும் இதன் அண்ணன் தம்பிகளையும் எனக்கு நன்றாகத் தெரியும். நீ என் வயிற்றில் இருந்தபோது நான் இவற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை உன்னிடம் ஒழுங்காக யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன், அவசரப்படாமல் படி.

பெரியப்பா உன்னைத் தலைமுழுகியது உண்மைதான். மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண்ணை நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டாய் என்ற சேதி வந்த அன்று, கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனக்கு அந்தப் பய செத்தான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்த் துண்டை எடுத்து வந்து கொடுத்தேன். "தலைய நல்லா தொவட்டுங்க அத்தான், சளி புடிச்சிரும்" என்றேன். பெற்றவள் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் துண்டு கொடுத்தாளே என்று நீ யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ஏன் சண்டை போடவில்லை தெரியுமா? உயிரோடு இருக்கிறவனுக்காக அந்த மனிதர் தலைமுழுகுவதை நான் பார்ப்பது அது இரண்டாவது தடவை.

முதல் தடவை உன் அப்பாவுக்கு. கல்யாண வீடுகளில் அப்பாவைத் தொட்டிலில் போட்ட கதை என்று கேலி பேசுவார்களே, நீயும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகம் கட்டுவதற்குப் பாறாங்கல் ஏற்றிய லாரிகள் ஊரை அதிரவைத்துக்கொண்டு போகும். சின்னச் சரக்கெல்லாம் இன்னும் பாய்மரத் தோணியில்தான் கொழும்புக்குப் போய்வந்தது. உன் பெரியப்பா மாப்பிள்ளையூரணிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். அப்பா, வெங்காயமும் வற்றலும் ஏற்றிப்போகிற தோணியில் சரக்குக்குக் காவலாகப் போவார். அந்தத் தடவை அவர் கிளம்பியது ஒரு கார்த்திகை மாதம். எனக்கு வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறைந்திருந்தது. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கடலில் முழுகக் கூடாது என்பார்கள். "முழுகத்தான கூடாது, கடலுக்கு மேல போகக் கூடாதுன்னு எவனும் சொல்லலியே" என்று சிரித்துக்கொண்டு சட்டையை மாட்டினார். அவர் பேச்சு அப்போதும் அப்படித்தான்.

தோணி கொழும்பு சேர்ந்ததும் தந்தி வருவது வழக்கம். அந்தத் தடவை வரவில்லை. இரண்டாம் நாளே வானம் கறுத்து வாடைக்காற்று ஊளையிட்டது. கடற்கரைச் சாலையில் தோணிக்காரர்களின் ஆபீஸ் ஒன்று இருந்தது. அதன் முன்னறையில் ஒரு கரும்பலகை. எந்தத் தோணி எங்கே போயிருக்கிறது, எப்போது வரவேண்டும் என்று சாக்கட்டியால் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். தோணியை ஓட்டிப்போன தண்டலின் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வருவாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அங்கே ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் கிளார்க்காக இருந்தார். வயல்காட்டுக் குடும்பம், மூக்குக்கண்ணாடி, அதிராத பேச்சு. நம் தோணியின் பெயருக்கு நேரே அவர் ஒரு நீளமான வார்த்தை எழுதியிருந்தார். அதன் முதல் எழுத்து முட்டைபோல வட்டமாக இருக்கும்.

"அண்ணாச்சி, அதுல என்ன எழுதியிருக்கிய?" என்று கேட்டேன்.

"ஓவர்டியூன்னு எழுதியிருக்கும்மா. வரவேண்டிய நாள் தாண்டிட்டு, இன்னும் வரலன்னு அர்த்தம்."

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்? அதச் சொல்லுததுக்கு எதுக்கு இங்கிலீசு?"

தண்டலின் மனைவி என் கையைக் கிள்ளினாள். கிளார்க் அண்ணாச்சி கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த தடித்த அகராதியைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இதே மாதிரி நாலு வார்த்தை இருக்கிறது, ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை எழுதிவிட முடியாது என்றார். சொல்லுங்கள் என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரி நின்றுகொண்டே கேட்கிறாளே என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"டிலேய்டுன்னு ஒண்ணு இருக்கு. தோணி எங்கன கெடக்குன்னு தெரியும், ஏன் நிக்குதுன்னும் தெரியும். பாய் கிழிஞ்சிட்டு, காத்து சரியில்ல, அப்படின்னு சேதி வந்திருக்கும். அப்பத்தான் அத எழுதலாம். ஓவர்டியூன்னா நாள் தாண்டினது மட்டுந்தான் நமக்குத் தெரியும். நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. மிஸ்ஸிங்னா எல்லாத் துறைமுகத்துலயும் கேட்டாச்சு, தேடியாச்சு, ஆம்பிடல. அப்புறம் லாஸ்ட்." அதோடு அகராதியை மூடிவிட்டார்.

"அது எப்ப எழுதுவிய?"

"மரம், பாய் ஏதாவது கரை ஒதுங்கினா. இல்ல, கண்ணால பாத்தவன் வந்து சொன்னா. நாமளா எழுத முடியாதும்மா."

அன்றிலிருந்து அந்த ஆபீஸுக்குப் போவது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. உள்ளே போகக்கூட வேண்டாம். வாசலில் நின்று முட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். லாஸ்ட் குட்டையான வார்த்தை, ஒடித்துவைத்த குச்சிபோல ஓர் எழுத்தில் தொடங்கும் என்று அண்ணாச்சி எழுதிக் காட்டியிருந்தார். குச்சி இல்லை, முட்டைதான் என்று கண்ட பிறகு வீட்டுக்கு வந்து உலை வைப்பேன். சில நாள் அந்த வார்த்தையைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்டு அவரைத் தொந்தரவு செய்வேன். வேறு எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டதற்கு, நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் தவணைக்குள் திருப்பித் தராவிட்டாலும் அதுதான், கர்ப்பிணிக்கு டாக்டர் குறித்த நாள் தாண்டினாலும் அதுதான் என்றார். புத்தகம் யார் வீட்டிலோ பத்திரமாகத்தான் இருக்கும், வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் நிலைமை வேறு. உன் பெரியப்பாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதே. தகப்பன் இல்லாத வீட்டில் உன் அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். மார்கழி முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. தை பிறந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தை அமாவாசை வருகிறது, அதற்குள் கருமம் செய்யாவிட்டால் தம்பியின் ஆத்மா தண்ணீருக்குத் தவிக்கும் என்றார். "கடலுக்குள்ள கெடந்துக்கிட்டு அவன் தண்ணி தண்ணின்னு என்னியக் கேக்கான்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார். நானும் அழுதேன். ஆனால் தலையை ஆட்டவில்லை. மறுநாள் அவர் நேரே ஆபீஸுக்குப் போய்க் கிளார்க் அண்ணாச்சியிடம் கெஞ்சியிருக்கிறார். "அண்ணாச்சி, அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திப் போடுங்க. ஒங்க கையெழுத்தப் பாத்தா அவ மனசத் தேத்திக்கிடுவா" என்று. சேதி இல்லாமல் மாற்ற முடியாது என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெரியப்பா கருமத்தைச் செய்துவிட்டார். திருச்செந்தூர்க் கடற்கரையில் தர்ப்பையில் ஆள்போலச் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, கடலில் தலைமுழுகிவிட்டு வந்தார். சொந்தக்காரப் பெண்கள் கோடிச் சேலையோடு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாலியைக் கழற்ற வேண்டும், வளையலை உடைக்க வேண்டும். ஆபீஸ் பலகையில் வார்த்தை மாறட்டும், அன்றைக்கு நானே கழற்றித் தருகிறேன் என்றேன். "பலகையப் பாத்தா ஒனக்குத் தாலி கட்டுனான்?" என்று ஒருத்தி கேட்டாள். கயிற்றைச் சேலைக்குள் விட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வளையலோடு மடிக்குள் வைத்து மூடிக்கொண்டேன். வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை தொடக் கூடாது என்று ஒரு கிழவி எடுத்துச் சொன்னதால் அன்றைக்குத் தப்பினேன். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்கள். அவர் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இருந்ததா என்று கேட்டால், இல்லை ராசா. தெரியாது என்பது மட்டும்தான் இருந்தது. தெரியாததைத் தெரிந்ததாக வைத்து ஒரு காரியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஓவர்டியூ என்ற வார்த்தைக்குள் எனக்கு உட்கார இடம் இருந்தது, அதனால் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

இந்தக் கூத்துக்கு நடுவே நீயும் குறித்த நாளுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் அந்த வார்த்தை காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. "எதுக்கும்மா சிரிக்க?" என்று கேட்டார். "எங்க வீட்டுல இது ரெண்டாவது ஓவர்டியூ, டாக்டரம்மா" என்றேன். முதலாவது யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் வளையல் கையைப் பிடித்துக்கொண்டார். தை மாதக் கடைசியில் நீ பிறந்தாய். ஊரையே கூட்டுகிற அழுகை. தாமதமாக வந்ததற்குக் கொஞ்சம்கூட வெட்கப்படாத பிள்ளை.

மாசியில் ஒரு நாள் மத்தியானம். பெரியப்பா வாசலில் வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வெங்காயக் கூடை உருளுகிற சத்தம், பெரியப்பாவின் ஓலம். எட்டிப் பார்த்தால் தெருவில் உன் அப்பா. கறுத்து, மெலிந்து, தாடியோடு, யாருடையதோ ஒரு சட்டை. சுக்கான் உடைந்து, வாடைக்காற்று அவர்களை மாலத்தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. தந்தி வசதியே இல்லாத ஒரு சின்னத் தீவில் கரை ஏறி, அந்த வழியாக வந்த சரக்குத் தோணி ஒன்றின் உதவியால் சுக்கானைச் சரிசெய்து, எல்லோருமாக நேரே இங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, பெரியப்பா அழுதுகொண்டே எழுந்து போய், கட்டிப்பிடிக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, வாசல் நிலையில் குறுக்கே வைத்துக்கொண்டதைத்தான்.

"ஏலே, நில்லு. உள்ள வராத. ஒனக்கு நான் கருமம் பண்ணிட்டம்லா. எள்ளுந் தண்ணியும் எறச்சிட்டம்லா" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியப்பாவின் தோளுக்கு மேலே என்னைத் தேடிப் பார்த்தார்.

"ஏளா, அண்ணன் என்ன சொல்லுதாவ? நான் இருக்கனா, இல்லையா?"

"இருக்கிய. பிந்திட்டிய, அவ்வளவுதான். கையக் காலக் கழுவிட்டு உள்ள வாங்க, சோறு ஆறுது" என்றேன்.

அண்ணன் கைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். உன்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு சோறு ஆறித்தான் போயிற்று.

பெரியப்பாவால் மட்டும் அன்று சாப்பிட முடியவில்லை. செத்தவனுக்குச் செய்ததை இருப்பவனுக்குச் செய்துவிட்டோமே என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஐயரிடம் போய்க் கேட்டு வந்தார். கருமம் செய்யப்பட்டவன் திரும்பி வந்தால் அவனைப் புதிதாகப் பிறந்தவனாக வைத்து, தொட்டிலில் போட்டு, பேர் சூட்டி, பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டவைக்க வேண்டுமாம். உனக்குப் பேர் வைக்கிற அன்றே அப்பாவுக்கும் வைத்தார்கள். சேலைத் தொட்டிலில் அந்த உடம்பு எங்கே கொள்ளும்? கால் பெருவிரலை மட்டும் வைத்து எடுத்தார். பெரியப்பா குனிந்து அப்பாவின் காதில் பழைய பேரையே மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை பேர் வெளியே வரவில்லை, அழுகைதான் வந்தது. சிரித்த கூட்டம் பாதி, அழுத கூட்டம் பாதி. ஆனால் தாலிக்கு மட்டும் நான் கழுத்தை நீட்டவில்லை. "அத்தான், ஒங்களுக்கு அவுக செத்துப் பொறந்தாவ. நீங்க பேரு வச்சது சரி. எனக்கு அவுக பிந்தி வந்தாவ. பிந்தி வந்தவுகளுக்கு எதுக்கு ரெண்டாந் தாலி?" என்றேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கும் போனேன். நம் தோணிக்கு நேரே இருந்த வார்த்தையைக் காணோம். "வந்து சேந்துட்டுன்னா அதுக்கு என்ன எழுதுவிய அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஒண்ணும் எழுத மாட்டோம்மா. அழிச்சிருவோம்" என்றார்.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். அந்த வார்த்தையைப் படித்த அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "லாஸ்ட்னு எழுதியிருக்கான் பாத்தியா" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ராசா, அது வேறொருவர் கண்ணால் பார்த்து, சாட்சியோடு வந்து சொல்ல வேண்டிய வார்த்தை. ஒருவன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளுகிற வார்த்தை இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு பெண்ணை மனதுக்குப் பிடித்ததை அம்மாவிடம் சொல்லாமல் கட்டினாயே என்ற கோபம் நிறைய இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்வோம். பெரியப்பாவை வெறுக்காதே. அவருக்குத் துக்கம் வந்தால் உடனே ஏதாவது சடங்கு செய்து அதை முடித்துவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. நாளைக்கு உன் வீட்டிலும் நீயோ அவளோ ஒரு நாள் பிந்தி வருவீர்கள், வழியிலோ மனதிலோ. அப்போது முதலில் சோற்றைப் போடுங்கள். கேள்வியைப் பிறகு கேட்கலாம். உன்னை யாராவது விசாரித்தால் நான் சொல்லுகிற பதில் ஒன்றுதான். வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது, இன்னும் வரவில்லை என்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பெரியப்பா வந்தார். உன் பேரைச் சொல்ல மாட்டாராம், தலைமுழுகியிருக்கிறாராம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், போகும்போது செருப்பை மாட்டியபடி, "அந்தப் பயலுக்கு நண்டுன்னா உசுராச்சே. அவன் பொண்டாட்டி நண்டு சாப்பிடுவாளா?" என்று கேட்டார். வேறு நேரமாக இருந்தால் செத்தவனுக்கு நண்டு எதற்கு அத்தான் என்று மடக்கியிருப்பேன். நேற்று கேட்கத் தோன்றவில்லை. என் மருமகள் நண்டு சாப்பிடுவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியவில்லை, ராசா. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லு.

அம்மா